ஒரே வீட்டில் இத்தனை பேருக்கு ஹெபடைடிஸ் பி: இது பரம்பரையா?

முதலில் உங்கள் கேள்வியை எனக்குப் புரிந்த விதத்தில் திருப்பிச் சொல்லிவிடுகிறேன். அம்மாவைப் பெற்ற பாட்டி 58 வயதில் ஈரல் புற்றுநோயில் இறந்துபோனார். அம்மாவுக்கு ஹெபடைடிஸ் பி இருப்பது கண்புரை ஆபரேஷனுக்கு முன்னால் எடுத்த ரத்தப் பரிசோதனையில்தான் தெரிந்தது. பெரிய மாமாவுக்கு ஈரல் சுருங்கிவிட்டது. அண்ணனுக்கும் இருக்கிறது, மாத்திரை சாப்பிடுகிறார். உங்களுக்கும் இருக்கிறது, ஆனால் மாத்திரை வேண்டாம், ஆறு மாதத்துக்கு ஒருமுறை வந்து காட்டுங்கள் என்றிருக்கிறார்கள். 1998ல் பிறந்த தங்கைக்கு மட்டும் இல்லை. அப்பாவும் அம்மாவும் சொந்தத்தில் கட்டிக்கொண்டவர்கள். உங்கள் மனைவி நாலு மாதம் முழுகாமல் இருக்கிறார், அவருக்கு நெகட்டிவ். "இது எங்கள் ரத்தத்தில் ஊறிய பரம்பரை வியாதியா, குழந்தைக்கும் வருமா, ஒரு லேபில் ஜீன் டெஸ்ட் எடுக்கலாம் என்கிறார்கள், எடுக்கட்டுமா?" இவ்வளவுதானே.

பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், கடைசி வரை உங்களைக் காத்திருக்க வைக்க மனசில்லை. உங்கள் குடும்பத்தில் தலைமுறை தாண்டி வந்துகொண்டிருப்பது ஈரலைத் தாக்கும் ஒரு வைரஸ். பிறக்கப்போகும் குழந்தைக்கு அது வராமல் தடுக்க முடியும், அதுவும் அரசு ஆஸ்பத்திரியில் காசில்லாமல் போடுகிற ஊசியால். ஜீனுக்கும் இதில் ஒரு பங்கு உண்டு, அதையும் மறைக்காமல் சொல்கிறேன், ஆனால் நீங்கள் பயப்படும் இடத்தில் அது இல்லை. நான் டாக்டர் இல்லை. 26 வருடம் மைக்ரோபயாலஜி லேபில் இந்த டெஸ்டுகளைச் செய்தவன். மருந்து விஷயத்தில் உங்களைப் பார்க்கிற டாக்டர் சொல்வதுதான் கடைசி வார்த்தை.

இதைப் பரம்பரை என்று நினைத்ததற்காக நீங்கள் சங்கடப்பட வேண்டாம். இந்த வைரஸைக் கண்டுபிடித்தவரே முதலில் அப்படித்தான் நினைத்தார். பாரூக் பிளம்பெர்க் என்ற அமெரிக்க விஞ்ஞானி வைரஸ் தேடிப் போனவரே இல்லை. ரத்தத்தில் உள்ள புரதங்கள் ஆளுக்கு ஆள் பரம்பரையாக எப்படி மாறுகின்றன என்று பார்ப்பதுதான் அவருடைய வேலை. பல தடவை ரத்தம் ஏற்றிக்கொண்டவர்களின் உடம்பில், தங்களிடம் இல்லாத புரதங்களுக்கு எதிராக ஆன்டிபாடி, அதாவது எதிர்ப்புப் புரதம், உருவாகியிருக்கும் என்பது அவர் போட்ட கணக்கு. அதனால் அப்படிப்பட்ட ஒரு ஹீமோஃபீலியா (ரத்தம் சரியாக உறையாத நோய்) நோயாளியின் சீரத்தை, அதாவது ரத்தத்தில் செல்கள் போக மிஞ்சும் தெளிந்த நீரை எடுத்து, உலகத்தின் பல மூலைகளிலிருந்து வந்த ரத்த மாதிரிகளோடு ஒவ்வொன்றாகச் சேர்த்துப் பார்த்துக்கொண்டிருந்தார். ஆஸ்திரேலியப் பழங்குடி ஒருவரின் ரத்தத்தோடு அது வினைபுரிந்தது. ஆன்டிபாடி போய் ஒட்டும் பொருளை ஆன்டிஜென் என்பார்கள், அதனால் இதற்கு ஆஸ்திரேலியா ஆன்டிஜென் என்று பெயர் வைத்து 1965ல் வெளியிட்டார்கள். அப்புறம் பிலிப்பைன்ஸில் செபு தீவிலும் பசிபிக்கில் பூகன்வில் தீவிலும் குடும்பம் குடும்பமாக ரத்தம் எடுத்துப் பார்த்தபோது, அந்த ஆன்டிஜென் சில குடும்பங்களில் மட்டும் கூட்டமாக இருந்தது. அப்பா, அம்மா இரண்டு பேரிடமிருந்தும் ஜீன் வந்தால்தான் வெளியே தெரியும் என்கிற வகைப் பண்பின் கணக்கோடு அது நன்றாகவே பொருந்திப்போனது. பிறவியிலேயே ஒரு குரோமோசோம் கூடுதலாக இருக்கும் டவுன் சிண்ட்ரோம் உள்ளவர்களிடம் அது அதிகமாகத் தெரிந்ததும் இது ஜீன் சமாசாரம்தான் என்ற எண்ணத்தை இன்னும் பலப்படுத்தியது.

அந்த எண்ணத்தை உடைத்தது ஒரே ஒரு நோயாளியின் ரத்தம். முதல் டெஸ்டில் இல்லாத ஆன்டிஜென் 1966ல் மறுபடி பார்த்தபோது அவரிடம் இருந்தது. பரம்பரைப் புரதம் என்றால் பிறக்கும்போதே இருக்க வேண்டும், நடுவில் எப்படி முளைக்கும்? தேடிப் பார்த்தால், இடைப்பட்ட காலத்தில் அவருக்கு ஈரல் அழற்சி, அதாவது ஹெபடைடிஸ், வந்திருந்தது. அடுத்த வருடம் பிளம்பெர்க்கின் லேபில் வேலை பார்த்த பெண் ஒருவருக்கு உடம்பு சரியில்லாமல் போய், அவர் தன் ரத்தத்தையே சோதித்துப் பார்த்தபோது அதே ஆன்டிஜென் அவரிடமும் வந்திருந்தது. பரம்பரைப் பண்பு என்று நினைத்தது வைரஸின் மேலுறை. இன்றைக்கு உங்கள் ரிப்போர்ட்டில் எச்பிஎஸ்ஏஜி என்று போட்டு பாசிட்டிவ் என்று எழுதியிருக்கிறார்களே, அதுதான் அந்த ஆஸ்திரேலியா ஆன்டிஜென். பிளம்பெர்க்குக்கு 1976ல் நோபல் பரிசு கிடைத்தது.

அவ்வளவு பெரிய ஆள் ஏன் ஏமாந்தார்? இந்த வைரஸ் போகும் வழியும் பரம்பரை போகும் வழியும் முக்கால்வாசி ஒன்றாக இருப்பதால். பாட்டியிடமிருந்து அம்மா, அம்மாவிடமிருந்து பிள்ளைகள். பிரசவத்தின்போது தாயின் ரத்தம் குழந்தைமேல் படும் அந்த சில மணி நேரம் போதும். தைவானில் 1970களில் கர்ப்பிணிகளைப் பின்தொடர்ந்து பார்த்தவர்கள் இன்னொன்றையும் கண்டுபிடித்தார்கள். தாயின் ரத்தத்தில் இ-ஆன்டிஜென் என்று ஒன்று இருந்தால், அதாவது வைரஸ் ஏகத்துக்கும் பெருகிக்கொண்டிருக்கிறது என்றால், தடுப்பூசி இல்லாத அந்தக் காலத்தில் பத்துக் குழந்தையில் ஒன்பதுக்கு தொற்றியது. இ-ஆன்டிஜென் இல்லாத தாய்களிடம் அந்த அளவு மிகவும் குறைவு.

உங்கள் அண்ணன், நீங்கள், தங்கை என்ற வரிசையைப் புரிந்துகொள்ள இது முக்கியம். இ-ஆன்டிஜென் ஆயுள் முழுக்க இருப்பதில்லை. இளம் வயதில் இருந்து, வருடங்கள் போகப்போக பலருக்கு மறைந்துவிடும். ஆக ஒரே தாய் இருபத்திரண்டு வயதில் பெற்ற பிள்ளைக்கு வைரஸைக் கொடுத்திருப்பார், முப்பத்தைந்தில் பெற்ற பிள்ளைக்குக் கொடுக்காமல் இருந்திருப்பார். ஜீன் மாறியதால் அல்ல, தாயின் ரத்தத்தில் வைரஸ் குறைந்துபோனதால்.

இதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். எலைசா தட்டு என்று ஒன்று உண்டு, உள்ளங்கையைவிடக் கொஞ்சம் நீளமான பிளாஸ்டிக் தட்டு, அதில் 96 சின்னக் குழிகள். ஒவ்வொரு குழியிலும் ஒருவருடைய சீரம். கழுவி, நிறம் காட்டும் திரவம் விட்டு, இருட்டில் வைத்து எடுத்தால் பாசிட்டிவ் குழிகள் நீலமாகியிருக்கும், கடைசியில் அமிலம் விட்டதும் பளிச்சென்று மஞ்சளாக மாறும். ஒரு நாள் ஒரு அம்மாவும் நான்கு பிள்ளைகளும் சேர்ந்து வந்தார்கள், ஐந்து டியூப்களையும் வயது வரிசையில் அடுக்கி வைத்துப் போட்டேன். அமிலம் விட்டதும் முதல் நான்கு குழிகள் மஞ்சள், ஐந்தாவது தண்ணீர்போலத் தெளிவாக இருந்தது. பக்கத்தில் நின்ற சீனியர் "பரம்பரையா வருது பாரு, கடைக்குட்டி தப்பிச்சிட்டான்" என்றார். அந்தப் பையனுக்கு மேற்கொண்டு டெஸ்ட் செய்தோம். வைரஸ் எப்போதாவது உள்ளே வந்திருந்தால் உருவாகும் கோர் ஆன்டிபாடியும் இல்லை, ஊசியாலோ வைரஸை விரட்டியதாலோ வரும் பாதுகாப்பு ஆன்டிபாடியும் இல்லை. வைரஸ் அவன் உடம்புக்குள் போனதற்கான தடயமே கிடையாது. அம்மாவின் ரத்தத்தில் இ-ஆன்டிஜென் பார்த்தோம், அதுவும் மறைந்துபோயிருந்தது. அனேகமாக அவன் பிறப்பதற்குள்ளேயே மறைந்திருக்க வேண்டும். ஜீனில் எந்தச் சலுகையும் அவனுக்கு இருந்ததாகச் சொல்ல ஒரு ஆதாரமும் இல்லை. அதைவிட முக்கியம், அவனுக்கு எந்தப் பாதுகாப்பும் இல்லை. ஐந்து பேர் படுத்துத் தூங்கும் வீட்டில், நாலு பேருக்கு வைரஸ் இருக்கும்போது, அவன் ஊசி போடாமல் சுற்றிக்கொண்டிருந்தான். அன்றைக்கே ஊசிக்கு அனுப்பினோம்.

"பரம்பரை" என்ற சொல்மேல் எனக்கு இவ்வளவு கோபம் ஏன் என்றால், அது ஆட்களின் கையைக் கட்டிப்போட்டுவிடுகிறது. ஒரு இடத்தில் "உங்க ஃபேமிலியில ஓடுது, ஒண்ணும் பண்ண முடியாது" என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள் என்று ஒரு அப்பா, பிள்ளைகளுக்கு டெஸ்டும் எடுக்காமல் ஊசியும் போடாமல் ஆறு வருடம் இருந்துவிட்டார். தலைவிதி என்று நினைத்தவரைக் குறை சொல்ல எனக்கு மனசு வரவில்லை. சொன்னவர்கள் இரண்டு நிமிடம் கூடுதலாகப் பேசியிருக்கலாம்.

அடுத்தது, எந்த வயதில் தொற்றுகிறது என்பது. நாட்பட்ட நோயாக மாறுமா என்பதைத் தீர்மானிப்பதில் இதைவிடப் பெரிய விஷயம் கிடையாது. பிறக்கும்போது தொற்றினால் சுமார் 90 சதவீதம் பேருக்கு அது ஆயுளுக்கும் தங்கிவிடுகிறது. ஒன்றிலிருந்து ஐந்து வயதுக்குள் என்றால் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு. நல்ல ஆரோக்கியமான பெரியவருக்குத் தொற்றினால் 5 சதவீதத்துக்கும் கீழே, மீதிப் பேர் மஞ்சள் காமாலை வந்தோ வராமலோ தாங்களே வைரஸை விரட்டிவிடுவார்கள். அதே வைரஸ், அதே ஜீன்களோடு இருக்கும் அதே மனிதர், வெறும் வயது மட்டும் வேறு. பச்சைக் குழந்தையின் எதிர்ப்புச் சக்தி இந்த வைரஸை எதிரியாகப் பார்க்காமல் வீட்டு ஆளாக ஏற்றுக்கொண்டுவிடுகிறது.

சரி, ஜீனுக்கு ஒரு வேலையும் இல்லையா என்றால், இருக்கிறது, அதுவும் நன்றாகவே இருக்கிறது.

மேற்கு ஆப்பிரிக்காவில் காம்பியா என்ற சின்ன நாடு. அங்கே இந்த வைரஸ் பெரும்பாலும் தாயிடமிருந்து பிரசவத்தில் வருவதில்லை, சின்ன வயதில் அண்ணன் தம்பி, கூட விளையாடும் பிள்ளைகள் வழியாக வருகிறது. அதனால் ஒரே வீட்டில், ஒரே மாதிரி சூழலில் வளர்ந்த பிள்ளைகளில் ஒருவர் வைரஸை விரட்டிவிடுகிறார், இன்னொருவருக்குத் தங்கிவிடுகிறது. ஜீனின் பங்கைப் பிரித்துப் பார்க்க இதைவிட நல்ல இடம் கிடைக்காது. 1995ல் அங்கே செய்த ஆய்வில், எச்எல்ஏ என்ற ஜீன் குடும்பத்தில் ஒரு குறிப்பிட்ட வகை உள்ளவர்கள் வைரஸை விரட்டுவது அதிகம் என்று தெரிந்தது. 2006ல் அதே நாட்டில் உடன்பிறந்தவர்களை ஜோடி ஜோடியாக வைத்துப் பார்த்ததில், 21ஆவது குரோமோசோமில் இன்டர்ஃபெரானையும் அது போன்ற செய்தி மூலக்கூறுகளையும் பிடித்துக்கொள்ளும் ஏற்பிகளுக்கான ஜீன்கள் இருக்கும் இடமும் முக்கியம் என்று வந்தது. பிறகு 2009ல் ஜப்பானில் ஆயிரக்கணக்கானவர்களின் ஜீன் தொகுப்பு முழுவதையும் சல்லடை போட்டுத் தேடினார்கள், அங்கேயும் எச்எல்ஏ குடும்பத்தில்தான் போய் நின்றது, டிபி என்ற கிளையில். தாய்லாந்து நோயாளிகளிடமும் அது உறுதியானது.

எச்எல்ஏ என்றால் என்ன? நம் செல்கள் உள்ளே இருக்கும் புரதத்தைத் துண்டு துண்டாக நறுக்கி, தட்டில் வைத்து வெளியே நீட்டும். ரோந்து வரும் எதிர்ப்பு செல்கள் தட்டில் இருப்பதைப் பார்த்து, இது நம்முடையதா அந்நியமா என்று முடிவு செய்யும். அந்தத் தட்டுதான் எச்எல்ஏ. தட்டின் வடிவம் ஆளுக்கு ஆள் வேறு. சிலருடைய தட்டில் ஹெபடைடிஸ் பி-யின் துண்டு கச்சிதமாக உட்காரும், ரோந்து செல் சட்டென்று அடையாளம் கண்டுகொள்ளும். சிலருடைய தட்டில் அது சரியாக உட்காராது, வைரஸ் தப்பித்துக்கொள்ளும்.

இங்கே குடும்பத்துக்கு வருவோம். இந்தத் தட்டுகளை அம்மாவிடமிருந்து ஒரு செட், அப்பாவிடமிருந்து ஒரு செட் என்று வாங்கிக்கொள்கிறோம். அதனால் உடன்பிறந்த இருவருக்கு இரண்டு செட்டும் அப்படியே ஒத்துப்போக நாலில் ஒரு பங்குதான் வாய்ப்பு. நாலில் ஒரு பங்கு ஒன்றுகூட ஒத்துப்போகாமலும் இருக்கும், சிறுநீரக தானத்துக்கு அண்ணன் தம்பியைப் பார்க்கும்போது பொருந்தவில்லை என்று சொல்வது இதனால்தான். அதாவது "எங்கள் வீட்டு ஜீன்" என்று ஒட்டுமொத்தமாக ஒன்று கிடையாது. உங்கள் அண்ணனுக்கு மாத்திரை தேவைப்பட்டு உங்களுக்குத் தேவைப்படாமல் இருப்பதில் ஜீனுக்குப் பங்கு இருக்கலாம், நாலு வயது வித்தியாசத்துக்கும் பங்கு இருக்கலாம், அவர் குடிப்பாரா, சர்க்கரை இருக்கிறதா என்பதற்கும் பங்கு இருக்கலாம்.

எனக்கு ரொம்பப் பிடித்த கண்டுபிடிப்பு வேறொன்று. இந்த வைரஸ் ஈரல் செல்லுக்குள் எந்தக் கதவு வழியாக நுழைகிறது என்பதே வெகுகாலம் தெரியாமல் இருந்தது. 2012ல் பெய்ஜிங்கில் அதைக் கண்டுபிடித்தார்கள். பித்த உப்பை ரத்தத்திலிருந்து ஈரல் செல்லுக்குள் இழுத்துக்கொள்ளும் என்டிசிபி என்ற புரதம்தான் அந்தக் கதவு. கிழக்கு ஆசியர்கள் சிலருக்கு இந்தப் புரதத்தின் 267ஆவது இடத்தில் ஒரு அமினோ அமிலம் மாறியிருக்கும், வைரஸால் அதைச் சரியாகப் பிடித்துக்கொள்ள முடியாது. தைவானிலும் சீனாவிலும் பார்த்ததில், இந்த மாற்றம் உள்ளவர்கள் நாட்பட்ட நோயாளிகளிடையே குறைவாகவே இருந்தார்கள். அதே கதவை அடைக்கும் புலெவிர்டைட் என்ற மருந்துக்கு 2020ல் ஐரோப்பாவில் ஹெபடைடிஸ் டி-க்காக அனுமதி கிடைத்தது, அது ஹெபடைடிஸ் பி-யோடு சேர்ந்து மட்டுமே வரும் இன்னொரு வைரஸ். ஜீன் ஆராய்ச்சியால் நமக்கு வந்துசேரும் பலன் பெரும்பாலும் இந்த வழியில்தான் வரும், மருந்தாக.

தடுப்பூசிக்கு உடம்பு எப்படிப் பதில் சொல்கிறது என்பதிலும் ஜீன் இருக்கிறது. ஜெர்மனியில் இரட்டையர்களுக்கு ஊசி போட்டுப் பார்த்து 2002ல் வெளியிட்ட ஆய்வில், ஆன்டிபாடி அளவில் ஆளுக்கு ஆள் உள்ள வித்தியாசத்தில் சுமார் 60 சதவீதத்துக்கு ஜீன்தான் காரணம் என்று கணக்கிட்டார்கள். மூன்று ஊசி போட்டும் சிலருக்குப் பாதுகாப்பு வராததற்கு இதுவும் ஒரு காரணம். உங்கள் மாதிரி வீட்டில் ஊசி போட்டாச்சு என்று விட்டுவிடாமல், கடைசி ஊசிக்கு ஒன்றிரண்டு மாதம் கழித்து ஆன்டிபாடி அளவு 10க்கு மேல் இருக்கிறதா என்று பார்க்கச் சொல்வது இதற்காக.

இப்போது பாட்டியின் புற்றுநோய். இதை மெதுவாகப் படியுங்கள். தைவானில் 22,000க்கும் மேற்பட்டவர்களை 16 வருடம் வரை பின்தொடர்ந்து 2013ல் வெளியிட்டார்கள். ஹெபடைடிஸ் பி உள்ளவர்களில், குடும்பத்தில் யாருக்கும் ஈரல் புற்றுநோய் இல்லாதவர்களுக்கு அது வரும் வாய்ப்பு 7.5 சதவீதம், குடும்பத்தில் இருந்தவர்களுக்கு 15.8 சதவீதம். இரண்டு மடங்கு. வைரஸ் இல்லாதவர்களுக்கு, குடும்பத்தில் புற்றுநோய் இருந்தாலும் இல்லாவிட்டாலும், அது ஒரு சதவீதத்துக்கும் கீழேதான் இருந்தது. உங்கள் தங்கை பயப்படுகிறார் என்றால் அவரிடம் சொல்ல வேண்டிய எண் அது.

அந்த இரண்டு மடங்கில் ஜீன் எவ்வளவு என்று பிரிப்பது கஷ்டம், ஏனென்றால் ஒரு குடும்பம் ஜீனை மட்டும் பகிர்ந்துகொள்வதில்லை. வைரஸையே பகிர்ந்துகொள்கிறது, அதாவது பாட்டியிடம் இருந்த அதே வகை வைரஸ்தான் அம்மாவிடம், அதுதான் உங்களிடம். வைரஸிலும் வகைகள் உண்டு, இந்தியாவில் பெரும்பாலும் ஏ, டி, கிழக்கு ஆசியாவில் பி, சி. இதில் சி வகை புற்றுநோயில் முடிவது அதிகம். அப்புறம் சாப்பாடு. பூஞ்சை பிடித்த கடலை, மக்காச்சோளத்தில் அஃப்ளடாக்சின் என்ற நஞ்சு இருக்கும். ஷாங்காயில் செய்து 1992ல் வெளிவந்த ஆய்வில், வைரஸும் அந்த நஞ்சும் சேர்ந்து உள்ளவர்களுக்கு ஈரல் புற்றுநோய் ஆபத்து சுமார் 60 மடங்கு என்று வந்தது. ஒரே மூட்டைக் கடலையை வீட்டில் எல்லாரும்தானே சாப்பிடுகிறோம். கசக்கிற கடலையை வாயில் போட்டால் துப்பிவிடுங்கள், மூட்டையில் பச்சையாகப் பூத்ததைத் துடைத்து வறுக்க வேண்டாம், வறுத்தாலும் அந்த நஞ்சு முழுசாகப் போகாது.

சொந்தத்தில் கல்யாணம் செய்துகொண்டதால் ஹெபடைடிஸ் பி வராது. இதற்காக அப்பா அம்மாவை யாரும் குத்திக்காட்ட வேண்டாம். உறவுக்குள் கட்டும்போது கூடுகிற ஈரல் நோய்கள் வேறு, வில்சன் நோய் மாதிரி, உடம்பில் செம்பு தங்குவதால் வருவது. அது உண்மையான பரம்பரை நோய். வைரஸின் டிஎன்ஏ நம் டிஎன்ஏவில் போய் ஒட்டிக்கொள்ளும் என்று எங்கேயாவது படித்திருப்பீர்கள், அது நிஜம், ஆனால் அது நடப்பது ஈரல் செல்லில். ஈரல் செல்லிலிருந்து பிள்ளை பிறப்பதில்லை.

ஜீன் டெஸ்ட் எடுக்க வேண்டாம். இதுவரை தெரிந்த ஒவ்வொரு ஜீன் மாற்றமும் ஆபத்தைக் கொஞ்சம் கூட்டும் அல்லது குறைக்கும், அவ்வளவுதான். ரிசல்ட் எப்படி வந்தாலும் உங்களுக்கோ அண்ணனுக்கோ சிகிச்சை மாறப்போவதில்லை, ஊசி அட்டவணை மாறப்போவதில்லை. அந்தக் காசில் வீட்டில் எல்லாருக்கும் சாதாரண ரத்தப் பரிசோதனை எடுத்துவிடலாம்.

எதை எடுப்பது? உங்கள் குழந்தை விஷயத்திலிருந்து ஆரம்பிக்கிறேன். தாய்க்கு நெகட்டிவ் என்பதால் பிரசவத்தில் தொற்ற வழியில்லை. ஆனால் உங்கள் கையில், உங்கள் மடியில் வளரப்போகிற குழந்தை, அதனால் பிறந்த 24 மணி நேரத்துக்குள் போடும் முதல் ஊசியைத் தவறவிடாதீர்கள், அப்புறம் 6, 10, 14 வாரத்தில் ஐந்து நோய்க்கான ஊசியோடு சேர்த்துப் போடுவார்கள். பிரசவ வார்டில் கூட்டமாக இருக்கும், ஞாயிற்றுக்கிழமை என்பார்கள், கேட்டு வாங்குங்கள். மனைவிக்கு ஆன்டிபாடி இருக்கிறதா என்று பார்த்து, இல்லையென்றால் இப்போதே ஊசியை ஆரம்பிக்கலாம், கர்ப்பத்தில் போடலாம், பயமில்லை. ஷேவிங் செட், பிரஷ், நகவெட்டி தனித்தனி. இந்த வைரஸ் காய்ந்த ரத்தத்தில்கூட ஏழு நாள் உயிரோடு இருக்கும், அதனால் ரத்தம் பட்ட இடத்தை பிளீச்சிங் பவுடர் கரைத்துத் துடையுங்கள். தட்டு, தம்ளர், துணி, கட்டிப்பிடிப்பது, முத்தம் கொடுப்பது இதற்கெல்லாம் தடையே இல்லை. குழந்தையைத் தூக்கிக் கொஞ்சாமல் தள்ளி நிற்கும் அப்பாக்களைப் பார்த்திருக்கிறேன், நீங்கள் அப்படி இருக்காதீர்கள்.

பாசிட்டிவான தாய்க்குப் பிறக்கும் குழந்தையாக இருந்தால் ஊசியோடு இம்யூனோகுளோபுலினும் (தயார் நிலையில் உள்ள ஆன்டிபாடி) போட வேண்டும், வைரஸ் அளவு ஒரு மில்லிலிட்டருக்கு 2 லட்சம் யூனிட்டுக்கு மேல் இருந்தால் தாய்க்குக் கடைசி மூன்று மாதம் டெனோஃபோவிர் மாத்திரையும் கொடுப்பார்கள். சொந்தத்தில் அப்படி யாராவது கர்ப்பமாக இருந்தால் உடனே சொல்லுங்கள். தைவான் 1984ல் பச்சைக் குழந்தைகளுக்கு ஊசி ஆரம்பித்தது, அப்போது அங்கே பத்துக் குழந்தையில் ஒன்றுக்கு வைரஸ் இருந்தது, இருபது வருடத்தில் அது நூற்றில் ஒன்றுக்கு வந்துவிட்டது. மக்களின் ஜீன் இருபது வருடத்தில் மாறாது.

அம்மா, மாமா, அண்ணன், நீங்கள் நாலு பேரும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஈரல் ஸ்கேன் விஷயத்தை டாக்டரிடம் பேசுங்கள். அம்மாவுக்கும் மாமாவுக்கும் பாட்டி நேரடி ரத்த சொந்தம், மாமாவுக்கு ஈரலும் சுருங்கியிருப்பதால் அவருக்குக் கட்டாயம் தேவை. உங்களுக்கும் அண்ணனுக்கும் ஒரு படி தள்ளித்தான், ஆனாலும் "பாட்டிக்கு ஈரல் புற்றுநோய்" என்பதை ஃபைலின் முதல் பக்கத்தில் எழுதச் சொல்லுங்கள். குடும்பத்தில் புற்றுநோயோ ஈரல் சுருக்கமோ இருந்தால், வழக்கமான அளவுகோல்கள் பொருந்தாவிட்டாலும் மாத்திரை ஆரம்பிப்பதை யோசிக்கலாம் என்று ஐரோப்பிய வழிகாட்டுதலில் 2017லேயே சொல்லியிருக்கிறார்கள், அதனால் "எனக்கு இப்போது மாத்திரை வேண்டாமா" என்று நீங்கள் மறுபடி ஒருமுறை கேட்பதில் தப்பில்லை. மருந்து, டெஸ்ட் எல்லாம் 2018 ஜூலையில் தொடங்கிய தேசிய வைரஸ் ஈரல் அழற்சிக் கட்டுப்பாட்டுத் திட்டத்தில் இலவசம். மாமாவின் பிள்ளைகளையும் சின்ன மாமா வீட்டையும் விட்டுவிடாதீர்கள்.

கீழாநெல்லி பற்றி நீங்கள் கேட்கவில்லை, வீட்டில் யாராவது கேட்பார்கள். 1988ல் சென்னையில் எஸ்.பி. தியாகராஜன் குழுவினர் கீழாநெல்லிப் பொடி கொடுத்துச் செய்த ஆய்வு லான்செட் இதழில் வந்தது, பிளம்பெர்க்கும் அதில் சேர்ந்திருந்தார். 37 பேரில் 22 பேருக்கு ஆன்டிஜென் மறைந்தது, மருந்தே இல்லாத வெறும் மாத்திரை சாப்பிட்ட 23 பேரில் ஒருவருக்குத்தான் மறைந்தது. எல்லாருக்கும் பெரிய நம்பிக்கை வந்தது. ஆனால் அப்புறம் மற்ற நாடுகளில் செய்த ஆய்வுகளில் அந்தப் பலன் கிடைக்கவில்லை. அண்ணன் அதை நம்பி மாத்திரையை மட்டும் நிறுத்திவிடக் கூடாது, திடீரென்று நிறுத்தினால் வைரஸ் கிளம்பி ஈரல் மோசமாகப் பாதிக்கப்படலாம், உயிருக்கே ஆபத்தாகலாம்.

கடைசியாக தங்கை. அவருடைய ரிப்போர்ட்டில் "நெகட்டிவ்" என்று ஒரே ஒரு வரிதான் இருக்கிறது என்று நினைக்கிறேன். அது போதாது. எச்பிஎஸ்ஏஜி, கோர் ஆன்டிபாடி, பாதுகாப்பு ஆன்டிபாடி மூன்றும் பார்க்க வேண்டும். கோர் ஆன்டிபாடி இருந்தால் அவருக்கும் தொற்றி, அவர் உடம்பே அதை விரட்டியிருக்கிறது, உங்கள் மூவரில் ஜீனின் அதிர்ஷ்டம் யாருக்காவது இருந்திருக்கலாம் என்றால் அவருக்குத்தான். கோர் இல்லாமல் பாதுகாப்பு ஆன்டிபாடி மட்டும் இருந்தால் சின்ன வயதில் யாரோ ஊசி போட்டிருக்கிறார்கள். மூன்றுமே இல்லையென்றால், நான் சொன்ன அந்தக் கடைக்குட்டிப் பையன் மாதிரிதான், அன்றைக்கே முதல் ஊசி, ஒரு மாதத்தில் இரண்டாவது, ஆறாவது மாதம் மூன்றாவது. ரிப்போர்ட் வந்ததும் அந்த மூன்று வரியையும் எண்களோடு அப்படியே எழுதி அனுப்புங்கள், பார்த்துச் சொல்கிறேன்.